சுதந்திர தினத்துக்கு மூவர்ண உடை: துணி எடுப்பதிலிருந்து மேடை ஏறும் வரை

ஆகஸ்ட் 15 நெருங்கினால் எங்கள் தையல் கடைக்கு ஒரே மாதிரியான கூட்டம் வரும். கையில் மூன்று நிறத்தில் துணிப்பை, முகத்தில் அவசரம். துணி எடுத்தாயிற்று, என்ன தைப்பது என்று மட்டும் தெரியாது. பள்ளி விழாவுக்கு உடை தயாரிக்கும் பொறுப்பு முதன்முறையாக விழுந்த ஆசிரியர்களும், குடியிருப்புச் சங்க விழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் அம்மாக்களும் பெரும்பாலும் இடறுவது ஊசியிலும் நூலிலும் இல்லை, வேலையின் வரிசையில். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்கு 7 வயதுப் பிள்ளைகள் 12 பேர் ஆடும் குழு நடனத்தை எடுத்துக்கொள்வோம். குடியரசு தினத்துக்கும் இதே முறைதான்.

1. கடைக்குப் போகும் முன் தாளில் வரையுங்கள்

எந்த நிறம் உடம்பில் எங்கே வரும் என்பதுதான் முதல் முடிவு. துணி, அளவு, செலவு எல்லாம் இதைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

பலரும் யோசிக்காமல் எடுக்கும் முடிவு: மேலே காவிச் சட்டை, கீழே வெள்ளைப் பாவாடை, ஓரத்தில் பச்சை. படத்தில் அழகாக இருக்கும். ஆனால் ஆகஸ்டில் முந்தின நாள் சாயங்காலம் ஒரு மழை பெய்திருந்தால் போதும், பள்ளி மைதானத்துச் செம்மண் முழுக்க அந்த வெள்ளைப் பாவாடையில்தான் ஏறும். காவிச் சட்டையில் அக்குளில் வேர்வை வட்டமாகத் தெரியும்.

அதனால் நான் சொல்வது இது: வெள்ளையை மேலே கொண்டுபோங்கள், அழுத்தமான நிறங்களைக் கீழே இறக்குங்கள். வெள்ளைச் சட்டை, பச்சைப் பாவாடை, அதில் காவிக் கரை. வெள்ளையில் வேர்வை அவ்வளவாகத் தெரியாது, பச்சையில் மண் தெரியாது. இன்னொரு லாபமும் உண்டு, அது அடுத்த பகுதியில்.

தைக்க நேரமே இல்லை என்றால் ஒரு பிள்ளைக்கு ஒரு நிறம் என்று பிரித்துவிடுங்கள். 4 பேர் காவி, 4 பேர் வெள்ளை, 4 பேர் பச்சை. மூன்று வரிசையாக நிறுத்தினால் மேடையில் மூவர்ணம் தானாக வந்துவிடும். பாதிப் பேர் வீட்டில் ஏற்கெனவே இருக்கிற உடையே போதும்.

2. சட்டம் எங்கே கோடு போடுகிறது

இதைத் தைத்து முடித்த பிறகு பார்க்கிறவர்கள் அதிகம். அப்போது பிரிக்க வேண்டியிருக்கும்.

தேசிய மரியாதைக்கு இழிவு தடுப்புச் சட்டம் 1971-ல் வந்தது. உடை பற்றிய பகுதி 2005-ல் திருத்தப்பட்டது. அதன்படி தேசியக் கொடி இடுப்புக்குக் கீழே அணியும் எந்த உடையிலும் அணியிலும் இடம்பெறக் கூடாது. மெத்தை உறை, கைக்குட்டை, கைதுடைக்கும் துணி, உள்ளாடை ஆகியவற்றிலும், எந்த உடைத் துணியிலும், கொடியை அச்சடிக்கவோ எம்பிராய்டரி போடவோ கூடாது. மீறினால் மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கொடியின் படமும், கொடியின் ஒரு பகுதியும்கூட இந்தச் சட்டத்தில் கொடி என்றே கணக்கு.

காவி, வெள்ளை, பச்சை என்ற நிறங்களுக்குத் தடை எதுவும் இல்லை. மூன்றையும் கொடியின் வரிசையிலேயே ஒரே துணியில் பட்டை பட்டையாகச் சேர்த்து, நடுவில் நீலச் சக்கரமும் வைத்துவிட்டால் அது கொடி. ஆகவே நான் வைத்திருக்கும் விதிகள் இரண்டு. உடையில் எங்கேயும் சக்கரம் வேண்டாம். ஒரே பாவாடையில் மூன்று பட்டை வேண்டாம். மேலே சொன்ன வெள்ளைச் சட்டை, பச்சைப் பாவாடை அமைப்பில் கொடியின் வரிசையே வராது, சந்தேகத்துக்கு இடமில்லை.

“கடையில் கொடி போட்ட டி-ஷர்ட் தொங்குகிறதே” என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். தொங்குகிறது, உண்மைதான். கடையில் விற்பதாலேயே அது சரி என்று ஆகிவிடாது. அப்படிப்பட்டதைப் பள்ளிப் பிள்ளைக்கு மாட்டிவிட்டு, யாரோ படமெடுத்துக் கேள்வி கேட்கும்போது தலைமை ஆசிரியரைப் பதில் சொல்ல வைக்க வேண்டாம்.

3. நாள் கணக்கு

ஜூலை கடைசி வாரத்தில் தொடங்குங்கள். அப்போது ஆடி மாதம். கல்யாணம் கிடையாது, தையல்காரர் கையும் கொஞ்சம் ஓய்ந்திருக்கும். துணிக்கடையில் தள்ளுபடியும் ஓடும். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் போனால் ஆவணி முகூர்த்த ரவிக்கைகள் வந்து குவிந்திருக்கும், உங்கள் 12 பாவாடை அதற்கு அடியில் கிடக்கும். கடையில் காவி நிறமும் அந்த வாரத்தில்தான் தீரும், ஏனென்றால் ஊரிலிருக்கும் எல்லாப் பள்ளியும் அதையே தேடும்.

தைத்த உடை ஆகஸ்ட் 10-க்குள் கைக்கு வரவேண்டும் என்று சொல்லிவையுங்கள். 13-ஆம் தேதி ஒத்திகை. நடுவில் இருக்கும் நாட்கள் திருத்தத்துக்கு. 12 பிள்ளைகளில் இரண்டு பேருக்காவது ஏதாவது பிடிக்கும், அல்லது தொளதொளக்கும்.

4. துணி ரகமும் நிறமும்

புதியவர்கள் முதலில் தொடுவது சாட்டின். பளபளக்கும், விலையும் குறைவு. ஆனால் காற்றே போகாது, வெட்டிய ஓரம் நூல் நூலாக உதிரும், மெஷினில் வழுக்கும். சாமியானாவுக்குள் ஒரு மணி நேரம் காத்திருக்கும் 7 வயதுக் குழந்தைக்கு அது தண்டனை. மேடையில் குத்துவிளக்கு ஏற்றுவார்கள். நெருப்புப் பக்கம் போகும் பிள்ளைக்குச் செயற்கை இழைத் துணி கூடவே கூடாது, அது உருகித் தோலில் ஒட்டும்.

பருத்தியில் போங்கள். சட்டைக்கு ரவிக்கைத் துணியான டூ பை டூ ரூபியா. அதில் எல்லா நிறமும் கிடைக்கும், அதுதான் அதன் பலம். பாவாடைக்குப் பாப்ளின், நிற்கிற துணி, சுருக்கம் வைத்தால் குடை மாதிரி விரியும். வெள்ளை ரூபியா மெல்லியது, உள்ளே லைனிங் கட்டாயம். அதை மறந்துவிட்டுக் கடைசி நாளில் பெட்டிகோட்டுக்கு அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

நிறம் பார்க்கும்போது துணியைக் கடைக்கு வெளியே வெயிலில் கொண்டுவரச் சொல்லுங்கள். கடை விளக்கு மஞ்சளாக இருந்தால் ஆரஞ்சும் சாமியார் காவியும் உள்ளபடி தெரியாது. நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் காவி. பச்சையிலும் அப்படியே: கிளிப்பச்சை வேண்டாம், பாட்டில் பச்சையும் வேண்டாம். பாட்டில் பச்சை சாமியானா நிழலில் கறுப்பாகவே தெரியும்.

12 பேருக்கும் ஒரே கட்டிலிருந்து வெட்டி வாங்குங்கள். “நாளைக்கு மீதி தருகிறேன்” என்று கடைக்காரர் சொன்னால் சரி என்று சொல்லாதீர்கள். அடுத்த கட்டின் சாயம் ஒரு இழை மாறியிருக்கும். தனியாகப் பார்த்தால் தெரியாது, வரிசையில் நிறுத்தினால் மூன்று பேர் மட்டும் வேறு பள்ளிப் பிள்ளைகள் மாதிரி தெரிவார்கள்.

5. எவ்வளவு துணி

அளவு எடுக்காமல் துணி எடுக்காதீர்கள். வயதை வைத்து மதிப்பிட்டால் தவறும், ஒரே வகுப்பில் ஒரு சாண் உயர வித்தியாசம் இருக்கும். பிள்ளைக்கு நான்கு அளவு போதும்: மார்பு, இடுப்பு, தோளிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து கணுக்கால். காலணியோடு ஆடுவார்களா, வெறுங்காலா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பாவாடை உயரம் அதைப் பொறுத்தது.

பாவாடைக் கணக்கு இப்படி. இடுப்பிலிருந்து கணுக்கால் 26 இன்ச் என்று வையுங்கள். அடி மடிப்புக்கு 3, மேலே எலாஸ்டிக் நுழைய 1, மொத்தம் 30 இன்ச். 44 இன்ச் பன்னா, அதாவது அகலம், உள்ள துணியில் இப்படி இரண்டு துண்டு, அதாவது 60 இன்ச், 152 சென்டிமீட்டர். நனைத்தால் சுருங்குவதையும் சேர்த்து ஒரு பிள்ளைக்கு 1.6 மீட்டர். 12 பேருக்கு 19.2 மீட்டர் வரும், 20 மீட்டராக எடுங்கள்.

காவிக் கரை 4 இன்ச் அகலம் தெரிய வேண்டும் என்றால் 5 இன்ச் வெட்ட வேண்டும். ஒரு பாவாடைக்கு இரண்டு பட்டி, அதாவது 10 இன்ச் துணி. 12 பேருக்கு 120 இன்ச், மூன்று மீட்டருக்குச் சற்று மேல். 3.25 மீட்டர் போதும். வெள்ளைச் சட்டைக்கு 36 இன்ச் பன்னாவில் பிள்ளைக்கு 60 சென்டிமீட்டர், ஆக 7.2 மீட்டர். லைனிங்கும் அதே அளவு.

குழுவில் உயரமான பிள்ளையின் அளவை எல்லோருக்கும் வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. மூன்று, நான்கு மீட்டர் வீணாகும்.

6. சாயம் இறங்குகிறதா என்று பாருங்கள்

வெள்ளையும் அழுத்தமான நிறமும் சேரும் எந்த உடைக்கும் இது தவிர்க்க முடியாத படி. இதைத் தாண்டிக் குதித்தால் விழா நாளில் வேர்வை பட்டே வெள்ளைச் சட்டையின் அடி ஓரம் பச்சையாகும்.

பச்சையிலும் காவியிலும் சிறு துண்டு வெட்டி, நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் கறை தெரிந்தால் அந்தத் துணி சாயம் விடும்.

விட்டால் முழுத் துணியையும் வாளித் தண்ணீரில் தனித்தனியாக ஊறவைத்து, தண்ணீர் தெளிகிறவரை மாற்றி மாற்றி அலசுங்கள். உப்புப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். ஒட்டாமல் கிடக்கும் சாயம் வெளியே போய்த் தீர வேண்டும், அலசல்தான் அதற்கு வழி. நான்கு முறை அலசியும் தண்ணீர் பச்சையாகவே வந்தால் கடையில் கொடுத்து மாற்றுங்கள். வெட்டாத துணியைத்தான் மாற்றித் தருவார்கள், அதனால்தான் இந்தச் சோதனை வெட்டுவதற்கு முன்னால் வருகிறது.

சாயம் விடாவிட்டாலும் மூன்று துணியையும் ஒருமுறை நனைத்து நிழலில் உலர்த்துங்கள். பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும். கரை ஒரு அளவும் பாவாடை ஒரு அளவும் சுருங்கினால், தைத்த பிறகு ஓரம் அலை அலையாக நிற்கும், எந்த இஸ்திரியாலும் அது படியாது.

7. வெட்டும் வரிசை, தைக்கும் வரிசை

வெள்ளையை முதலில் வெட்டி, தைத்து, மடித்து எடுத்து வைத்துவிடுங்கள். பச்சையை வெட்டிய மேசையில் அதன் தூசு இழை கிடக்கும். அது வெள்ளைத் தையலுக்குள் போனால் வெளியே எடுக்கவே முடியாது.

மெஷினுக்கு எண்ணெய் போட்டிருந்தால் முதலில் கழிவுத் துணியில் நாலைந்து வரிசை ஓட்டுங்கள். அதன் பிறகே வெள்ளை. நூலை மாற்றும்போது மேல் நூலை மாற்றிவிட்டு, கீழ் நூல் சுற்றியிருக்கும் பாபினை மறப்பது எல்லோருக்கும் வழக்கம். வெள்ளைச் சட்டையின் உட்புறத்தில் பச்சைத் தையல் ஓடியிருக்கும், மெல்லிய துணி, வெளியேயும் தெரியும்.

சட்டையை இடுப்புக்குக் கீழே 3 இன்ச் இறங்கும்படி வையுங்கள். ஆட்டத்தில் கை மேலே போகும்போது சட்டையும் மேலே போகும். சரியாக இடுப்பளவுக்குத் தைத்தால் “ஜெய் ஹிந்த்” என்று கை தூக்கும்போதெல்லாம் வயிறு தெரியும், பிள்ளை ஆட்டத்தை விட்டுவிட்டுச் சட்டையை இழுத்துக்கொண்டு நிற்கும்.

பாவாடையில் கரையை நுனியில் இணைக்காதீர்கள், மேலே வைத்துத் தையுங்கள். முதலில் பாவாடையின் ஒரு பக்கத்தை மட்டும் மூட்டுங்கள். இப்போது அது ஒரே நீளத் துணி, மேசையில் தட்டையாகக் கிடக்கும். காவிப் பட்டியின் இரண்டு ஓரத்தையும் அரை அரை இன்ச் உள்ளே மடித்து இஸ்திரி போட்டுக்கொண்டு, அடியிலிருந்து அளந்து கோடு போட்டு, அதன் மேல் வைத்துத் தையுங்கள். 3 இன்ச் அடி மடிப்புக்கு இடம் விட்டுத்தான் கோடு போட வேண்டும். பிறகு இரண்டாம் பக்கத்தை மூட்டுங்கள், கரைகள் இரண்டும் நேராகச் சேர்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு. பக்கம் இரண்டையும் மூட்டிய பிறகு கரை வைத்தால் வளையத்துக்குள் மெஷினை ஓட்ட வேண்டியிருக்கும், கோடு வளையும். மேலே வைத்துத் தைத்த கரையை விழா முடிந்ததும் பிரித்துவிடலாம், சாதாரணப் பாவாடையாகிவிடும்.

கடைசியில் எலாஸ்டிக். இடுப்பளவில் 2 இன்ச் குறைத்து வெட்டுங்கள். கூடவே ஒரு நாடாவும் நுழைத்துவிடுங்கள். காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைகள் உண்டு, எலாஸ்டிக்கை மட்டும் நம்ப முடியாது.

8. பையன்களுக்கும் பெரியவர்களுக்கும்

பையன்களுக்குப் புதிதாக எதுவும் தைக்க வேண்டாம். வெள்ளை அரைக்கைச் சட்டை, வெள்ளை வேட்டி, தோளில் குறுக்காகக் காவியோ பச்சையோ ஒரு துண்டு. வெல்க்ரோ வேட்டி என்றாலும் உள்ளே கால்சட்டை இருக்கட்டும். துண்டைத் தோளிலும் இடுப்பிலும் ஊக்கு போட்டு நிறுத்துங்கள், ஊக்கின் தலை வெளிப்பக்கம் பார்க்க வேண்டும், உடம்புப் பக்கம் அல்ல.

பெரியவர்களுக்குக் கதர்ச் சட்டையும் வேட்டியும், பெண்களுக்கு வெள்ளை அல்லது அரைவெள்ளைக் கைத்தறிச் சேலையில் காவி அல்லது பச்சைக் கரையும் போதும். மூன்று நிறமும் ஒருவர் மேலேயே வந்தாக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆண்கள் வண்ணக்கரை வேட்டி எடுக்கும்போது மட்டும் கரையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் எந்தக் கரை எந்தக் கட்சி என்று சின்னப் பையனுக்கும் தெரியும்.

9. தலைவர் வேடம் என்றால்

ஒன்றிரண்டு பிள்ளைகள் நிச்சயம் பாரதியாராகவோ காந்தியாகவோ வருவார்கள். வாடகைக் கடையில் எடுப்பதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே போய்ப் போட்டுப் பாருங்கள், முந்தின நாள் போனால் நைந்ததுதான் மிஞ்சும்.

பாரதியாருக்குக் கறுப்புக் கோட்டை லைனிங் இல்லாமல் மெல்லிய துணியில் தையுங்கள். முண்டாசைப் பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள். ஒரு துணித் தொப்பியின் மேல் சுற்றி, ஊசியால் நாலு இடத்தில் பிடித்துவிட்டால் தொப்பி மாதிரி எடுத்து மாட்டலாம், அவிழாது. காந்தியின் அரையாடைக் கோலம் 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் தொடங்கியது. தென்னாப்பிரிக்கக் காட்சி நடிக்கும் பிள்ளைக்கு அது பொருந்தாது, அங்கே கோட்டு சூட்டுதான்.

கொடி காத்த குமரனில்தான் அதிகம் தவறுகிறார்கள். திருப்பூர் குமரன் இறந்தது 1932 ஜனவரி 11. அசோகச் சக்கரம் உள்ள கொடி ஏற்கப்பட்டது 1947 ஜூலை 22. ஆகவே குமரன் கையில் இன்றைய கொடியைக் கொடுக்காதீர்கள். அன்று காங்கிரஸ் கொடியின் நடுவில் இருந்தது ராட்டை. குமரன் கீழே விழும் காட்சியிலும் கொடி தரையைத் தொடாமல் இருக்கப் பழக்குங்கள். ஒத்திகையில் பிள்ளைகள் முதலில் கீழே போடுவது கொடியைத்தான்.

10. பேட்ஜ், பூ, சக்கரம்

கொடி பேட்ஜைச் சட்டையின் இடது மார்பில் குத்துங்கள். ஒற்றை ஊசி பேட்ஜ் ஆட்டத்தில் சுழன்று, பச்சை மேலே வந்து நிற்கும். கொடியைத் தலைகீழாக வைப்பது தவறு. இரண்டு ஊசி உள்ள பேட்ஜ் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் பின்பக்கம் இருபக்க ஒட்டு டேப் ஒரு துண்டு வைத்துக் குத்துங்கள். பிளாஸ்டிக் கொடி வேண்டாம் என்று உள்துறை அமைச்சகமே அறிவுறுத்துகிறது, துணி அல்லது காகிதம் வாங்குங்கள்.

தலைக்கு ரிப்பன் தேடி அலைய வேண்டியதில்லை. கனகாம்பரம், மல்லிகை, மருக்கொழுந்து மூன்றையும் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். பூக்காரம்மாவிடம் முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும். வளையல் என்றால் கண்ணாடி வேண்டாம், உடைந்தால் வெறுங்காலில் ஆடும் பிள்ளைகளின் காலில் ஏறும்.

சக்கரத்தை உடையில் வைக்கக் கூடாது என்றேன். ஒரு பிள்ளை அட்டையில் செய்து கையில் பிடிக்கலாம். சக்கரத்தின் ஆரக்கால்கள் 24. வட்டத்தைப் பாதி பாதியாக மடித்துக்கொண்டே போனால் 8, 16, 32 என்றுதான் வரும், 24 ஒருநாளும் வராது. வட்டம் வரையத் திறந்த காம்பஸின் அளவை மாற்றாமல் அந்த வட்டத்தின் ஓரத்திலேயே அடி வைத்துக்கொண்டு போனால் சரியாக 6 புள்ளி வரும். ஒவ்வொரு இடைவெளியையும் பாதியாக்கினால் 12, மறுபடி பாதியாக்கினால் 24. கோணமானி இருந்தால் 15 பாகைக்கு ஒரு கோடு. நிறம் கருநீலம், கறுப்பு அல்ல.

11. ஒத்திகையும் அன்றைய காலையும்

ஒத்திகையில் நிற்க வைத்துப் பார்ப்பது போதாது. முழு உடையோடு முழுப் பாட்டுக்கும் ஆட வேண்டும். உட்காரச் சொல்லுங்கள், குனியச் சொல்லுங்கள், கை தூக்கச் சொல்லுங்கள். எங்கே பிடிக்கிறது, எங்கே மிதிக்கிறது என்று அப்போதுதான் தெரியும். பாவாடை காலில் மிதிபட்டால் அடி மடிப்பை இன்னும் அரை இன்ச் ஏற்றுங்கள்.

ஒவ்வொரு உடையின் உள்ளேயும் இடுப்புப் பட்டியில் பெயரை அழியாத மையால் எழுதுங்கள். 12 ஒரே மாதிரிப் பாவாடைகள் ஒரு வகுப்பறைத் தரையில் கிடக்கும்போது இதன் அருமை தெரியும்.

அன்று காலை பிள்ளைகள் பழைய சட்டையில் வரட்டும். மேடைக்கு அரை மணி நேரம் முன்பு மாற்றினால் போதும். வீட்டிலிருந்தே உடுத்தி வந்தால் வழியில் இட்லிச் சாம்பார், பள்ளியில் கொடியேற்றியதும் கொடுக்கும் ஆரஞ்சு மிட்டாய் எல்லாம் வெள்ளைச் சட்டையில்தான் முடியும். மிட்டாயை ஆட்டம் முடிந்த பிறகு கொடுக்கச் சொல்லி ஆசிரியர்களிடம் முன்பே பேசிவையுங்கள், கேட்பார்கள். கையில் ஒரு டப்பாவில் ஊக்கு, வெள்ளை, காவி, பச்சை நூல் கோத்த மூன்று ஊசி, சிறு கத்தரிக்கோல், நாடா, ஈரத்துணி இருக்கட்டும்.

12. விழா முடிந்த பிறகு

காகிதக் கொடியையும் பேட்ஜையும் மைதானத்தில் விட்டுவிடாதீர்கள். தரையில் எறியக் கூடாது, தனியிடத்தில் மரியாதையோடு அகற்ற வேண்டும் என்று கொடிச் சட்டத்தொகுப்பு சொல்கிறது. வாசலில் ஒரு பெட்டி வைத்து, வெளியே போகும் பிள்ளைகளிடம் வாங்கிக்கொண்டால் வேலை சுலபம்.

உடையை அன்றே துவையுங்கள், வேர்வை ஊறிய வெள்ளை மறுநாள் மஞ்சளாகும். வெள்ளைச் சட்டை தனி, பாவாடை தனி. கஞ்சி போட்டு வைக்காதீர்கள், பூச்சி அரிக்கும். ஜனவரி 26-க்கும் இதே குழு ஆடுவதாக இருந்தால் கரையைப் பிரிக்க வேண்டாம். ஐந்து மாதத்தில் பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள், அடி மடிப்பில் விட்ட 3 இன்ச்சிலிருந்து வேண்டிய அளவு இறக்கி, பழைய மடிப்புக்கோடு மறையத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள்.